ஒரே வீடு, வேறு வேறு பிள்ளைப்பருவம்

திரையில் பல பத்தாண்டுகளுக்கு நீளும் குடும்பக் காவியங்களில் போரும் வேலையிழப்பும் ஊர்ப்பெயர்ச்சியும், பெண்கள் படித்து வேலைக்குப் போகத் தொடங்குவதும் பின்னணியில் நடந்துகொண்டிருக்க, முன்னால் நிற்பவை மூத்தவரின் தியாகமும் இளையவரின் நன்றிகெட்டதனமும்தான். குடும்ப நல ஆலோசகரான என்னிடம் வரும் உடன்பிறந்தோரும் தங்கள் கதையை ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால், பல சண்டைகளின் வேர் அந்தப் பின்னணியில்தான் இருக்கிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் கிளென் எல்டர், 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தில் வளர்ந்த கலிபோர்னியப் பிள்ளைகளின் வாழ்க்கைப் பதிவுகளை ஆராய்ந்தார். அவர்கள் ஓக்லாந்து, பெர்க்லி என்ற இரண்டு நகரங்களைச் சேர்ந்தவர்கள். ஓக்லாந்து பிள்ளைகள் 1920-21இல் பிறந்தவர்கள். பெர்க்லி பிள்ளைகள் 1928-29இல் பிறந்தவர்கள். மந்தம் முற்றியபோது பதின்வயதை எட்டியிருந்த ஓக்லாந்து பிள்ளைகள், சிறு வேலைகளுக்குப் போயும் வீட்டுப் பொறுப்புகளைப் பகிர்ந்தும் குடும்பத்துக்குத் தோள் கொடுத்தார்கள். அப்போது குழந்தைகளாக இருந்த பெர்க்லி சிறுவர்களைத்தான் வறுமை ஆழமாகப் பாதித்தது. ஏறக்குறைய எட்டு ஆண்டு இடைவெளியில் ஒரே நெருக்கடி இரு வேறு அனுபவங்களாகியிருந்தது. அத்தகைய இடைவெளி ஒரே வீட்டுக்குள்ளும் இருக்கக்கூடும்.

ஆலோசனையின்போது ஒரு நீளமான தாளில் ஆண்டுகளை வரிசையாக எழுதச் சொல்லி, குடும்பத்தைப் புரட்டிப்போட்ட நிகழ்வு ஒவ்வொன்றின் கீழும் அன்று ஒவ்வொருவருக்கும் என்ன வயது என்று குறிக்கச் சொல்வேன். பலரிடம் கேட்டவற்றைச் சேர்த்து ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். தந்தைக்கு வேலை போன ஆண்டில் அக்காவுக்கு 17 வயது, தம்பிக்கு 5. "உனக்குக் கஷ்டம் தெரியாமல் வளர்த்தோம்" என்று படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போன அக்கா சொல்வார். "என்னிடம் யாரும் எதுவும் சொல்லவே இல்லை" என்பார் தம்பி. இரண்டும் உண்மைதான். வாய்விட்டுச் சிரித்துப் பேசிய தந்தையோடு அக்கா பதினேழு ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். தம்பியின் நினைவில் இருப்பவரோ எதற்கெடுத்தாலும் எரிந்து விழும் மனிதர். கொடுத்துவைத்தவன் என்று வீடே நம்பிய தம்பி எதை இழந்தார் என்பது அந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போதுதான் அக்காவுக்குப் புலப்படுகிறது.

பெற்றோர் படுத்த படுக்கையாகும்போது பழைய கணக்குகள் அத்தனையும் வெளியே வரும். திரைக்கதையில் அந்தக் கட்டிலருகே எல்லோரும் அழுது சேர்ந்துவிடுவார்கள். நான் கேட்பதெல்லாம் மருத்துவமனைக் கட்டணத்தை யார் கட்டுவது என்று அங்கே மூண்ட சண்டைகளைப் பற்றித்தான். ஆகவே பெற்றோர் நினைவோடு இருக்கும்போதே, எது எந்த ஆண்டில் நடந்தது என்று அவர்களிடம் கேட்டு அந்தத் தாளை நிரப்பிவைப்பது நல்லது. முதலில் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதட்டும். சேர்ந்து உட்கார்ந்தால் மூத்தவரின் பதிப்பே தாளில் ஏறும். இதனால் சொத்துத் தகராறு தீர்ந்துவிடாது, அதற்கு வழக்கறிஞர் வேண்டும். உடன்பிறந்தவரிடம் அடியோ பாலியல் அத்துமீறலோ அனுபவித்தவரை இந்தப் பயிற்சிக்காக அவரோடு சேர்த்து உட்காரவைக்கவே கூடாது. பாதிக்கப்பட்டவருக்குத் தேவை தனி ஆலோசனையும் பாதுகாப்பும்.