ப்ரீ-எக்ளாம்ப்சியா: ‘முன்’ எங்கே நிற்க வேண்டும்?

மதுரைப் பக்கத்து வளைகாப்புகளில் சில சமயம் கண்ணாடி வளையல் விரல் முட்டியைத் தாண்டாது. “புள்ளத்தாச்சிக்கு நீர் கோத்திருக்கு, வழக்கந்தான்” என்று சோப்புத் தண்ணி தடவி ஏற்றிவிடுவார்கள். பாதிதான் சரி. மாசம் ஏறஏறக் கால் வீங்குவது பெரும்பாலும் சாதாரணம். கையும் முகமும் திடீரென உப்பினால் அன்றைக்கே பி.பி. பார்த்துவிட வேண்டும். இப்படி உப்பக் காரணமாகக்கூடிய நோய்களில் ஒன்றின் பெயர், மருத்துவமனைச் சீட்டில் எழுதுவது, ப்ரீ-எக்ளாம்ப்சியா.

20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறி, கூடவே சிறுநீரில் புரதம் இறங்கினால் இந்தப் பெயர். புரதம் இல்லாவிட்டாலும் கல்லீரல், சிறுநீரகம், மூளை, ரத்தத் தட்டணுக்கள் ஆகியவற்றில் கோளாறு தெரிந்தால் இதே பெயர்தான். உலக அளவில் நூறு கர்ப்பத்தில் இரண்டு முதல் எட்டு வரை இது வருகிறது. அபூர்வ நோய் என்று சொல்ல வழியில்லை.

‘எக்ளாம்ப்சியா’ கிரேக்க வேர். பளீரென ஒளிர்தல் என்று பொருள். மின்னல் போலத் திடீரென வெட்டி இழுப்பதால், இந்த நோய் முற்றி வரும் வலிப்புக்குப் பெயர் ஆனது. ‘ப்ரீ’ என்றால் முன். பழைய தலைமுறை நர்ஸம்மாக்கள் வாயில் ‘டாக்ஸீமியா’ என்ற சொல்லும் உண்டு. ரத்தத்தில் ஏதோ நஞ்சு கலக்கிறது என்று நம்பிய காலத்துப் பெயர் அது. அப்படியொரு நஞ்சு அகப்படவில்லை, பெயரும் வழக்கொழிந்துவருகிறது.

கோளாறு தொடங்குவது நஞ்சுக்கொடியில். ஆரம்ப மாதங்களில் கருப்பையின் ரத்தக் குழாய்கள் விரிந்துகொடுக்க வேண்டும். விரியாவிட்டால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாது. அது வெளிவிடும் பொருட்கள் தாயின் ரத்தக் குழாய்களின் உள்சுவரைக் கெடுக்கின்றன. அதனால்தான் பிள்ளையும் நஞ்சுக்கொடியும் வெளியே வருவதே இதற்குத் தீர்வு. அப்படியும் பிரசவம் முடிந்த கையோடு அசந்துவிட முடியாது. வலிப்பு பிரசவத்துக்குப் பின்னும் வரலாம், குறிப்பாக முதல் இரண்டு நாளில். ஊரில் ‘பிரசவ ஜன்னி’ என்பதில் இதுவும் அடக்கம். ஆனால் ஜன்னி, நாட்டு வைத்தியர்கள் கடுங்காய்ச்சலுக்குச் சொல்லும் சந்நிபாதத்தின் சுருக்கம். கிருமி தொற்றிய காய்ச்சலில் பிதற்றுவதையும் அதே பெயரால்தான் சொல்வார்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. வலிப்பைத் தடுக்கப் போடுவது மெக்னீசியம் சல்பேட் ஊசி. 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், அது வலிப்பு வாய்ப்பைப் பாதிக்கு மேல் குறைத்தது.

யாருக்கு வாய்ப்பு அதிகம்? தலைப்பிரசவம், இரட்டைப் பிள்ளை, முன்பே பி.பி., சர்க்கரை அல்லது சிறுநீரக நோய், உடல் பருமன், நாற்பதை நெருங்கும் வயது, அம்மாவுக்கோ அக்காவுக்கோ வந்த வரலாறு. எல்லாவற்றையும்விடக் கனமானது, போன பிரசவத்தில் தனக்கே வந்திருப்பது. மாமியார்கள் சொல்லும் உப்புக் குறைப்பு இதைத் தடுப்பதில்லை. வாய்ப்பு அதிகமுள்ளவர்களுக்கு 16 வாரத்துக்குள் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவது பலன் தருகிறது. அதுவும் டாக்டர் சொன்னால்தான்.

இனி தமிழ்ச்சொல். எக்ளாம்ப்சியாவுக்குச் ‘சூல்வலிப்பு’ அருமையான சொல். சூல் பழஞ்சொல், நீர் நிறைந்த மேகத்தையும் ‘கமஞ்சூல்’ என்றார்கள் சங்கப் புலவர்கள். சிக்கல் ப்ரீ-எக்ளாம்ப்சியாவுக்குச் சொல்லும் ‘முன்சூல்வலிப்பு’ என்பதில். வாசிப்பவர் ‘முன்சூல்’ என்று பிரித்தால், சூலுக்கு முன்பே வரும் வலிப்பு என்றாகிவிடும். முன் நிற்க வேண்டியது வலிப்புக்கு, சூலுக்கு அல்ல. ‘கர்ப்பகால ரத்தக் கொதிப்பு’ எளிதாகப் புரியும். ஆனால் புரதமோ உறுப்புக் கோளாறோ இல்லாமல் அழுத்தம் மட்டும் ஏறுவது தனி நோய். அந்தப் பெயர் அதற்கே உரியது.

‘சூல்வலிப்பு முன்நிலை’ என்பதே என் தேர்வு. இதிலும் ஒரு குறை உண்டு: இந்நிலை கண்ட பெரும்பாலோருக்கு வலிப்பு வருவதே இல்லை, பெயரோ வீணாகப் பயமுறுத்துகிறது. பாடநூலுக்கும் அகராதிக்கும் இது போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் இந்தச் சொல்லைத் தேட வேண்டாம். “தலை விடாம வலிக்குது, கண்ணுக்குள்ள மின்னுது, மேல்வயிறு பிடிக்குது” என்று மூன்றில் ஒன்றைச் சொன்னாலே கிராம நர்ஸ் பி.பி. பட்டையை எடுத்துக் கையில் சுற்றிவிடுவார்.