கைப்பட்டை இறுகும்போது உள்ளே என்ன நடக்கிறது?

கிளினிக்கில் பிரஷர் 150 என்றார்கள். வீட்டுக்கு வந்து சொந்த மெஷினில் பார்த்தால் 132. ஏதோ ஒரு மெஷின் கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இரண்டுமே ஒழுங்காக வேலை செய்திருக்கலாம். ரத்த அழுத்தம் ஒரே எண்ணில் நிற்பதில்லை, துடிப்புக்குத் துடிப்பு மாறுகிறது. அது போதாதென்று நாம் உட்காரும் விதமும் கையை வைக்கும் விதமும் எண்ணை நன்றாகவே ஆட்டி வைக்கின்றன.

ரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் ஒரு பாதிரியார். இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஹேல்ஸ், ஒரு பெண்குதிரையின் தமனிக்குள் குழாயைச் செருகி, அதை உயரமான கண்ணாடிக் குழாயோடு இணைத்தார். ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நின்று, ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறி இறங்கியது. 1733-இல் அதை வெளியிட்டார். மனிதர்களிடம் செய்யக்கூடிய வேலையா அது? அதோடு, அத்தனை உயரக் குழாயை வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்கவும் முடியாது. அங்கேதான் பாதரசம் வந்தது. அது தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமானது. 120 என்று மெஷின் காட்டினால், 120 மில்லிமீட்டர் உயரப் பாதரசத்தைத் தூக்கி நிறுத்தும் அழுத்தம் என்று பொருள். அதே அழுத்தம் தண்ணீரை ஏறக்குறைய 1.6 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடும்.

தமனியைத் துளைக்காமல், வெளியிலிருந்து நசுக்கி அளக்கலாம் என்ற யோசனைக்கு நல்ல வடிவம் கொடுத்தவர் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி. 1896-இல் அவர் மேல்கையில் காற்றுப்பட்டையைக் கட்டி, மணிக்கட்டில் நாடி மறையும்வரை இறுக்கினார். நாடியை நிறுத்த எவ்வளவு அழுத்தம் தேவைப்பட்டதோ, அதுதான் மேல் எண், அதாவது இதயம் சுருங்கித் தள்ளும்போது தமனியில் இருக்கும் உச்ச அழுத்தம். இதயம் தளர்ந்திருக்கும்போது உள்ள கீழ் எண்ணை இந்த முறையில் பிடிக்க முடியவில்லை.

அதைப் பிடித்தவர் ரஷ்ய ராணுவ அறுவை மருத்துவர் கொரோட்கோவ். 1905-இல் அவர் செய்த மாற்றம் மிக எளிது. பட்டைக்குக் கீழே, முழங்கை மடிப்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். முழுக்கத் திறந்திருக்கும் தமனியில் ரத்தம் சீராக ஓடும், சத்தமே இருக்காது. முழுக்க மூடினாலும் சத்தம் இல்லை. இறுக்கத்தை மெல்லத் தளர்த்தும்போது ஓர் இடத்தில், துடிப்பின் உச்சத்தில் மட்டும் ரத்தம் நசுங்கிய தமனியைத் தள்ளித் திறந்துகொண்டு பீறிடுகிறது. அடுத்த கணம் தமனி மறுபடி மூடிக்கொள்கிறது. அப்போது ‘டப், டப்’ என்று தட்டுவதுபோல் கேட்கும். சத்தம் தொடங்கும் இடம் மேல் எண். தளர்த்திக்கொண்டே போனால், தமனி எந்த நேரத்திலும் மூடாத நிலை வரும், சத்தம் அடங்கும். அது கீழ் எண்.

வீட்டு மெஷினுக்கு இந்தக் காது கிடையாது. காற்று இறங்கும்போது பட்டைக்குள் ஏற்படும் சின்ன அதிர்வுகளைத்தான் அது கவனிக்கிறது. அதிர்வு மிகப் பெரிதாக இருக்கும் இடம் சராசரி அழுத்தத்தை ஒட்டியிருக்கும். அந்த அதிர்வுகள் வளர்ந்து தேயும் விதத்தைக் கொண்டு மேல், கீழ் எண்களை மெஷின் கணக்குப் போட்டுச் சொல்கிறது. அதனால்தான் நடுவில் கையை அசைத்தால் திணறுகிறது. இதயத்துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு தவறலாம்.

சரி, கையை எங்கே வைப்பது? இதயத்தின் மட்டத்தில். ரத்தமும் எடையுள்ள திரவம்தானே! கை இதயத்துக்குக் கீழே 10 சென்டிமீட்டர் தாழ்ந்தால், அந்த ரத்தத்தின் எடையே ஏழெட்டுப் புள்ளிகளைக் கூட்டிவிடும். உயர்த்திப் பிடித்தால் அதே அளவு குறையும். 2024-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் இதை நேரடியாகச் சோதித்தார்கள். மேசைமேல் வைத்த கையோடு ஒப்பிட்டால், மடியில் வைத்தபோது மேல் எண் சுமார் 4 புள்ளி கூடியது, பக்கவாட்டில் தொங்கவிட்டபோது சுமார் 6.5. மருந்து வேண்டுமா வேண்டாமா என்ற எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. மணிக்கட்டில் கட்டும் மெஷின்களில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம், மணிக்கட்டு எங்கே வேண்டுமானாலும் போகுமே.

அடுத்தது பட்டையின் அளவு. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பருமனான கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால், அதன் அழுத்தம் ஆழத்தில் இருக்கும் தமனிவரை முழுதாகப் போய்ச் சேராது. தமனியை மூட இன்னும் பலமாக இறுக்க வேண்டிவரும், எண்ணும் உண்மையைவிட உயர்ந்தே தெரியும். மெஷின் வாங்கும் முன் மேல்கையின் சுற்றளவை ஒரு டேப்பால் அளந்துவிடுங்கள், பெட்டியில் எந்த அளவுக் கைக்கு என்று போட்டிருப்பார்கள். பட்டையைச் சட்டைக்கு மேல் கட்டக்கூடாது, சட்டைக் கையை இறுக்கமாக மடித்துவிட்டும் கட்டக்கூடாது.

மற்றவை தெரிந்த விஷயங்களே. காபி, சிகரெட், உடற்பயிற்சி முடிந்து அரை மணி நேரமாவது போகட்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காராதீர்கள். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். அளக்கும்போது பேச்சு வேண்டாம். பேசினாலே சில புள்ளிகள் ஏறும். நலம் விசாரித்தபடியே பட்டையை இறுக்கும் பழக்கம் கிளினிக்குகளில் உண்டு. விசாரிப்பு நல்லதுதான், அளந்த பிறகு விசாரிக்கலாம்.

இத்தனையும் சரியாகச் செய்தும் சிலருக்குக் கிளினிக்கில் மட்டும் எண் ஏறும். இதை ‘வெள்ளைக் கோட்டு’ ரத்த அழுத்தம் என்பார்கள். இதற்கு நேர்மாறானவர்களும் உண்டு. மருத்துவர் எதிரில் அமைதியாக 128, வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே 148. என்னைக் கேட்டால் இவர்களைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும், கிளினிக் அளவை மட்டும் நம்பினால் கண்ணில் படவே மாட்டார்கள். ஆகவேதான் ஒரு வாரம் காலையும் மாலையும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு முறை வீட்டில் அளந்து எழுதிவரச் சொல்கிறார்கள். காலையில் மாத்திரை போடும் முன் அளக்க வேண்டும். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பார்ப்பார்கள். கிளினிக்கில் 140/90 என்றால் உயர் ரத்த அழுத்தம் என்று பல நாடுகளின் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. வீட்டு அளவுக்கு அதே எல்லை 135/85. அமெரிக்காவில் 2017 முதல் 130/80 என்றே வைத்திருக்கிறார்கள்.

முதல் தடவை இரண்டு கைகளிலும் அளந்து பாருங்கள். எந்தக் கையில் கூடுதலோ, அதற்கப்புறம் அந்தக் கையிலேயே அளக்க வேண்டும். வித்தியாசம் பத்துக்கு மேல் தொடர்ந்து வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், கைக்குப் போகும் தமனி எங்காவது சுருங்கியிருக்கிறதா என்று அவர் பார்க்கக்கூடும். திடீரென்று 180/120-க்கு மேல் காட்டினால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி அளக்கலாம். இறங்காவிட்டால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். அதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், கைகால் மரத்துப்போதல் இவற்றில் ஏதாவது இருந்தால் மறுபடி அளந்து நேரத்தைக் கடத்தாமல் உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.