கே10 தெரியவில்லை என்பதற்காகத் தோல் முதிரவில்லை என்று எழுதிவிடாதீர்கள்

சுண்டெலியின் முதுகுத்தோலில் அடியடுக்கு முழுக்க கே5, கே14 கெரட்டின்கள் (செல்லுக்கு உறுதி தரும் இழைப் புரதங்கள்; 'கே' அவற்றின் வகையைக் குறிக்கும்) இருக்கும். அங்கிருந்து மேலேறி முதிரும் செல்களில் கே1, கே10 தோன்றும். பாடநூல் படம் இதுதான். அதே படத்தை வால் தோலுக்கும் பொருத்தினால் தப்பு நேரும்.

வாலில் செதில்கள் வரிசையாக இருக்கும். அவற்றுக்கு இடைப்பட்ட பகுதியில் மயிர்க்கால்கள் மும்மூன்றாக முளைக்கும். இடைப்பகுதிச் செல்கள் கே10 காட்டி, மேலே வரும்போது உட்கருவை இழக்கும். செதில் செல்களில் கே10 இருக்காது. முடிக்குரிய கே31, கே36 இருக்கும், உட்கருவும் மேலடுக்கு வரை தங்கும். இரண்டுமே இயல்பான முதிர்ச்சிதான். நுண்ணோக்கிக்காகச் சீவிய தோல் வெட்டு செதிலின் வழியே போயிருந்தால், மரபணு நீக்கிய எலியில் 'கே10 குறைந்துவிட்டது' என்ற பொய் முடிவு கிடைக்கும். வால் தோலை 5 மில்லிமோலார் ஈடிடிஏவில் (கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) 37 டிகிரியில் 4 மணி நேரம் ஊறவைத்தால் மேல்தோல் தாளாக உரிந்து வரும். அதை முழுதாகச் சாயமேற்றிப் பார்த்தால் செதில் எது, இடைப்பகுதி எது என்பதில் குழப்பமே வராது.

கே6 கதை வேறு. மயிர்க்காலுக்குள் அது எப்போதும் உண்டு. மயிர்க்கால்களுக்கு இடைப்பட்ட மேல்தோலில் தெரிந்தால்தான் காயமோ மிகைப் பெருக்கமோ என்று யோசிக்க வேண்டும். முடி மழிக்கும்போது பட்ட கீறலே போதும், சில மணி நேரத்தில் கே6 வந்துவிடும்! ஒப்பீட்டு எலிகள் ஒரே ஈற்றில் பிறந்த, ஒரே பாலின எலிகளாக இருப்பது நல்லது. முடிச் சுழற்சியின் கட்டம் மாறினாலே தோலின் தடிமன் மாறும்.

தோல் செல்களை வளர்க்கும் தட்டில் எல்லாம் கால்சியத்தின் கையில். 0.05 மில்லிமோலாரில் செல்கள் அடியடுக்குச் செல்களாகவே பெருகும். 0.12 ஆக்கினால் கே1, கே10 எழும். 1 மில்லிமோலாரைத் தாண்டினால் செல்கள் இறுக ஒட்டிக்கொள்ளும், ஆனால் கே1, கே10 இரண்டும் சரியும். செல் வளர்ப்புக்கான சாதாரண டிஎம்இஎம் ஊடகத்தில் 1.8 இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. கன்றுச் சீரத்திலும் 3 மில்லிமோலாருக்கு மேல் இருப்பதால், 10 சதவீதம் சேர்த்தாலே 0.3 கூடிவிடும். செலெக்ஸ் பிசினால் கால்சியம் நீக்கிய சீரமே தேவை.

வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) பட்டை மங்கலாகத் தெரிந்தால், செல்களைக் கரைக்கும் ரிப்பா பஃபரில் கரையாமல் எறிந்த வண்டலைத் தேடுங்கள். கெரட்டினில் பெரும்பகுதி அதில்தான் போயிருக்கும். 8 மோலார் யூரியாவில் அதைக் கரைக்கலாம். 37 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது, யூரியா சிதைந்து புரதத்தோடு வினைபுரியும்.