இறக்கை லேசாக இருந்தால் நல்லதா?

போன மாதம் களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு தம்பி சின்ன லொறியில், சாக்குச் சுற்றிய நீளமான சாமான் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒருவர் மட்டும் ஏறும் ஹெலிகொப்டர் செய்கிறாராம்.

"பாருங்க சேர், ஒரு இறக்கை நாலு கிலோதான்" என்று ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினார். வெளிநாட்டில் பல வருடம் ஹெலிகொப்டர் இறக்கைகளைப் பரிசோதித்தவன் நான். எனக்கு வயிறு கலங்கியது.

எடையைக் குறைக்க எல்லோரும் பாடுபடக் காரணம் உண்டு. அமெரிக்க விதிப்படி எஞ்சின் பூட்டிய அல்ட்ராலைட்டின், அதாவது ஒருவர் மட்டும் ஏறும் மிக லேசான பறக்கும் ஊர்தியின், வெற்று எடை 254 இறாத்தலுக்குள், அதாவது 115 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அதற்காக இறக்கையிலும் கை வைக்கிறார்கள். அங்கே மட்டும் வேண்டாம்.

வயலில் தண்ணீர் இறைக்கும் பழைய டீசல் எஞ்சினை நிறுத்திப் பாருங்கள். எண்ணெயை வெட்டிய பிறகும் அந்தப் பாரச் சில்லு சுற்றிக்கொண்டே இருக்கும். ஹெலிகொப்டரில் அந்தச் சில்லு இறக்கைதான். எஞ்சின் நின்றதும் கொலெக்டிவ் லீவரை, அதாவது எல்லா இறக்கைகளின் சாய்வையும் ஒன்றாகக் கூட்டிக் குறைக்கும் பிடியை, இறக்கினால், கீழிருந்து வரும் காற்று இறக்கையைச் சுழற்றும். தரை நெருங்கும்போது அந்தச் சுழற்சியில் சேர்ந்திருக்கும் சக்தியைச் செலவழித்துத்தான் மெதுவாக இறங்கலாம். லேசான இறக்கையில் சேமிப்பு குறைவு. லீவரை இறக்க ஒன்றிரண்டு விநாடிதான் கிடைக்கும். பிந்தினால் சுழற்சி விழுந்துவிடும், பிறகு அதை மீட்க முடியாது.

"அப்ப நுனியில் ஒரு கிலோ ஈயம் வைக்கிறேன்" என்றார் தம்பி. எண்ணம் சரி, நுனி எடை வைப்பது வழக்கம்தான். இருவருமாகக் கணக்குப் போட்டோம். மூன்று மீற்றர் இறக்கை நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றினால், நுனியில் அந்த ஒரு கிலோ கிட்டத்தட்ட ஒரு தொன் பாரமாக வெளியே இழுக்கும். அதைக் கடை எபொக்சியால் ஒட்ட இருந்தார். மட்டக்களப்பு வெயிலில் கிடக்கும் தகட்டின் சூட்டுக்கே அந்தப் பசை இளகும்.

அப்புறம் இறக்கையின் அடியில் நீளவாக்கில் ஒரு குழாயைக் கொடுத்துப் பார்த்தோம். 20 சென்ரிமீற்றர் அகலத்தில், முன் விளிம்பிலிருந்து 9இல் சமநிலை நின்றது. அது 5இல், அல்லது அதற்கும் முன்னால் நிற்க வேண்டும். பின்பாரமான இறக்கை வேகத்தில் படபடத்துத் தன்னையே முறித்துக்கொள்ளும். அதனால் ஈயம் முன் விளிம்போரம்தான் போக வேண்டும், அதுவும் உள்ளே ஓடும் சட்டத்தோடு சேர்த்துப் பூட்டியபடி.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வாள் கேட்டு வாங்கி, தானே அந்த இறக்கையை நடுவில் அரிந்தார். எங்கள் தொழிலிலும் அப்படித்தான். கழித்த இறக்கையை முழுசாக விட்டுவைத்தால் யாராவது எடுத்துப் பூட்டிவிடுவார்கள்.