"லினக்ஸ்தான் சார்" என்றால், எந்த லினக்ஸ்?

போன மாதம் ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டார். "சார், நீங்க குடுத்த புரோகிராம் ஓடவே மாட்டேங்குது." என்ன ஓஎஸ் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) என்று கேட்டேன். "லினக்ஸ்தான் சார்." லினக்ஸில் பல வகை உண்டு; இது அதில் பிரபலமான உபுண்டுவாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். தப்பு என் மேல்தான்.

கோப்பு இருக்கிறதா? இருக்கிறது. இயக்க அனுமதி? அதுவும் இருக்கிறது. ஆனால் ஓட்டினால் 'நாட் ஃபவுண்ட்' என்று வருகிறது. கண்ணெதிரே கிடக்கும் கோப்பை இல்லை என்று சாதிக்கிறது! ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகுதான், எந்த லினக்ஸ் என்று எழுதியிருக்கும் ஓஎஸ்-ரிலீஸ் கோப்பை (/etc/os-release) திறந்து படிக்கச் சொன்னேன். "ஆல்பைன்னு போட்டிருக்கு சார்." அது இன்னொரு லினக்ஸ் வகை.

உபுண்டு, டெபியன் போன்றவற்றில் இருப்பது ஜிலிப்சி (glibc) என்ற சி நூலகம், அதாவது புரோகிராம்கள் ஓடுவதற்குச் சார்ந்திருக்கும் அடிப்படைத் தொகுப்பு. ஆல்பைனில் இருப்பது மசல் (musl) என்ற வேறொரு சி நூலகம். எங்கள் புரோகிராம் ஜிலிப்சிக்காகக் கட்டியது. அதை ஏற்றிவிடும் லோடர் ஆல்பைனில் கிடையாது. காணோம் என்று அது புலம்பியது அந்த லோடரைத்தான், எங்கள் கோப்பை அல்ல.

லினக்ஸ் என்பது கறாராகப் பார்த்தால் கெர்னலின், அதாவது ஓஎஸ்ஸின் மையப் பகுதியின் பெயர், 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது. ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அதுதான் ஓடுகிறது. அதனால் உதவி கேட்கும்போது யுநேம் (uname) கட்டளையின் விடையை மட்டும் அனுப்பினால் போதாது. அது கெர்னலைத்தான் சொல்லும்; கன்டெய்னருக்குள் (ஒரு சர்வருக்குள்ளேயே தனியாகப் பிரித்து வைத்த சூழலுக்குள்) அடித்தால் வெளியே உள்ள சர்வரின் கெர்னல் எண்தான் வரும்.

சென்ட்ஓஎஸ் 8 (இதுவும் ஒரு லினக்ஸ் வகை) என்று எழுதுபவர்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கிறது: லினக்ஸா, ஸ்ட்ரீமா? சென்ட்ஓஎஸ் லினக்ஸ் 8-க்கான ஆதரவு 2021 டிசம்பர் 31-உடன் நின்றுவிட்டது. சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் 8 வேறு. அது 2024 மே வரை ஓடியது. அப்டேட் வந்த இடமே இரண்டுக்கும் வேறு.

விண்டோஸிலும் இந்தக் கூத்து உண்டு. விண்டோஸ் 11 உள்ளுக்குள் தன்னை 10.0 என்றுதான் சொல்லிக்கொள்கிறது. பில்டு எண் (வெளியீட்டின் உள் எண்) 22000 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது 11. வின்வெர் (winver) என்று அடித்தால் அந்த எண் தெரியும்.

அப்புறம் ஒன்று: இதையெல்லாம் போனில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். மங்கலான படத்தில் உபுண்டு 20.04-க்கும் 22.04-க்கும் வித்தியாசம் தெரிவதில்லை. எழுத்தாகவே காப்பி செய்து ஒட்டிவிடுங்கள்.