“நீதவான் கோட்டில் கேஸ் நடக்குதுதானே, சேர்?”

வாகன விபத்து வழக்குகளை எடுக்கத் தொடங்கி இருபது வருடமாகப் போகிறது. மேலே உள்ள கேள்வியை யாராவது வந்து கேட்காமல் ஒரு வருடமும் கழிந்ததில்லை.

கடைசியாகக் கேட்டவர் கல்லாற்றுப் பக்கத்துப் பெண். (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) கணவர் மேசன். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது, பின்னுக்கு லைட் இல்லாமல் றோட்டோரம் நிறுத்தியிருந்த உழவு இயந்திரப் பெட்டியில் மோதிவிட்டார். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அறுவடைக் காலத்தில் நம்முடைய றோட்டுகளில் இது புதினமில்லை. பெட்டி இல்லாவிட்டால் கட்டாக்காலி மாடு, மாடும் இல்லாவிட்டால் பாதி றோட்டை மூடிக் காயப்போட்ட நெல்.

ஒரு ஷொப்பிங் பேக் நிறையக் கடதாசி கொண்டுவந்திருந்தார். நான் முதலில் தேடியது மரணச் சான்றிதழில் இருந்த திகதியை. இரண்டு வருடமும் ஐந்து மாதமும் ஆகியிருந்தது.

“சாரதிக்கு எதிரா கேஸ் நடக்குது. அது முடியட்டும் எண்டுதான் சேர் பார்த்துக்கொண்டு இருந்தன்.”

இங்கேதான் எங்கள் சனம் ஏமாறுகிறது. நீதவான் நீதிமன்றத்தில் நடப்பது பொலிசாருக்கும் சாரதிக்கும் இடையிலான வழக்கு. கவனயீனத்தால் மரணம் விளைவித்தல் என்பது தண்டனைச் சட்டக் கோவையின் 298 ஆம் பிரிவு. ஐந்து வருடம் வரை சிறை. சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினால் அந்தக் காசு அரசாங்கத்துக்குப் போகும். நீதவான் விரும்பினால் குடும்பத்துக்கும் ஒரு தொகை கொடுக்கச் சொல்லலாம், ஆனால் நான் கண்ட அளவில் அது செத்தவீட்டுச் செலவுக்கே காணாது. உண்மையான நட்டஈடு கேட்பதென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்குப் போட வேண்டும். அதற்குக் காலம் இரண்டு வருடம். 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் சொல்வது அதுதான். பக்கத்துக் கட்டடத்தில் கேஸ் இன்னும் முடியவில்லை என்பதற்காக அந்த மணிக்கூடு நிற்காது.

அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்வதற்கு முன் ஒரு தேத்தண்ணி எடுப்பித்துக் கொடுத்தேன். அவருடைய சொந்த உரிமை போய்விட்டது. ஆனால் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், மூத்தவனுக்கு ஒன்பது வயது. பராயமடையாதவர்களுக்குக் காலாவதி அப்படி ஓடுவதில்லை. பிள்ளைகளின் பெயரில், தாயை ‘அடுத்த நண்பர்’, அதாவது பிள்ளைகளுக்காக வழக்கை நடத்துபவர், என்று காட்டி வழக்குத் தாக்கல் செய்தோம்.

அடுத்த தலையிடி வருமானத்தை நிரூபிப்பது. இறந்தவர் உழைத்து வீட்டுக்குக் கொடுத்தது எவ்வளவு, இன்னும் எத்தனை வருடம் உழைத்திருப்பார் என்பதை வைத்துத்தான் பராமரிப்பு இழப்பைக் கணக்குப் பார்க்கிறார்கள். அரச ஊழியர் என்றால் சம்பளப் பட்டியல் போதும். மேசனுக்கும், வாவியில் நண்டு பிடிப்பவருக்கும், கூலிக்கு வெட்டு மெஷின் ஓட்டுபவருக்கும் அது எங்கே இருக்கும்? “ஏதாவது எழுதி வைப்பாரா?” என்று கேட்டேன். யோசித்துவிட்டு, அடுத்த கிழமை ஒரு சின்னக் கொப்பியோடு வந்தார். மட்டை முழுக்கச் சீமெந்துக் கறை. பக்கங்களைப் பிரித்தால் தூள் கொட்டுகிறது. உள்ளே பென்சிலால், “கல்லடி வீடு, பூச்சு, 3 நாள். 4000 நிலுவை” என்பது போல வரி வரியாகப் பதினான்கு மாதக் கணக்கு. இருபது வருடத்தில் எனக்குக் கிடைத்த நல்ல ஆவணங்களில் அதுவும் ஒன்று. அதில் பெயர் இருந்த மூன்று வீட்டுக்காரர்கள் சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டார்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருக்கும்: சங்கத்து ரசீது, மீன் வாடிக்காரரின் துண்டு, கமநல சேவை நிலையப் பதிவு. துப்புரவு செய்கிறோம் என்று எரித்துவிட வேண்டாம்.

எட்டுச் செலவு முடிய முன்னமே வாகனக்காரர் ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு, ஒரு கவரில் ஐம்பதாயிரம் வைத்துக்கொண்டு வருவார். மனிதாபிமானமாகவும் இருக்கலாம், நான் எல்லாரையும் சந்தேகப்படவில்லை. காசை வாங்குவதா இல்லையா என்பது உங்கள் விருப்பம். அதோடு வரும் கடிதத்தைத்தான் கவனிக்க வேண்டும். “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று ஒரு வரி அதில் எங்காவது இருக்கும். அழுது களைத்த வீட்டில் அதை யாரும் வாசிப்பதில்லை. வாசித்துக் காட்ட ஒருவர் கிடைக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

“பிழை எங்கட ஆளிலயும் இருக்கு” என்று சொல்லி வீட்டோடு இருந்துவிடுபவர்களும் உண்டு. ஹெல்மெட் போடவில்லை, கொஞ்சம் வேகமாக வந்தார், சரி. 1968 ஆம் ஆண்டிலிருந்தே நம் சட்டத்தில் பிழையைப் பங்கு போடலாம். நட்டஈடு குறையும், இல்லாமல் போகாது.

பிள்ளையை இழந்த பெற்றோருக்கு முன்பு நான் சொல்ல வேண்டியிருந்த பதில் கொடியது. உழைக்காத பிள்ளை என்றால் பண இழப்பு இல்லை. துயரத்துக்கு, ஒல்லாந்தர் காலத்தில் வந்த எங்கள் ரோமன் டச்சுச் சட்டத்தில் விலை இல்லை. வைத்தியக் கவனயீனம் பற்றிய பிரபலமான ஒரு வழக்கில், இறந்த குழந்தையின் தந்தைக்கு மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் கொடுத்தது. மேன்முறையீட்டில் அது இரண்டரை இலட்சமானது. 2001 இல் உச்ச நீதிமன்றம் அதையும் இல்லாமல் செய்தது. 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான், இழந்த அன்புக்கும் அரவணைப்புக்கும் துணைக்கும் நட்டஈடு கேட்க வழி பிறந்தது. இது இன்னும் எங்கள் பகுதியில் பரவலாகத் தெரியாது. சில சட்டத்தரணிகளுக்கே தெரியாது என்று சொன்னால் நண்பர்கள் கோபிப்பார்கள்.

இந்தத் துறைக்கு வரலாமா என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு: காணி வழக்குத்தான் சோறு போடும், இது அப்படியில்லை. பொலிஸ் வரைபடத்தை எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போய் நாடா பிடித்து அளக்க வேண்டும். சட்ட வைத்திய அறிக்கையை வரிக்கு வரி விளங்க வேண்டும். வழக்குத் தாக்கல் செய்ய முன்போ, செய்து ஏழு நாளுக்குள்ளோ காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தல் போக வேண்டும். அதைத் தவறவிட்டால் வென்ற தீர்ப்பை வைத்துக் கம்பனியிடம் காசு எடுக்க முடியாது. அந்தத் திகதியை நான் இன்றும் இரண்டு டயரியில் எழுதுகிறேன். செத்தவீட்டு வாசலிலும் வைத்தியசாலை வாசலிலும் கேஸ் பிடித்துத் தரும் புரோக்கர்மாரைக் கிட்டவும் எடுக்காதீர்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்களுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையங்கள் இருக்கின்றன. போகும்போது மரணச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, வாகன இலக்கம் மூன்றையும் கொண்டுபோங்கள்.

மேசனின் பிள்ளைகளுடைய வழக்கு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. கொப்பியைச் சான்றாவணமாகப் ‘பீ 7’ என்று அடையாளமிட இருக்கிறோம். தூள் கொட்டாமலிருக்க கிளாக்கர் அதை ஒரு பொலித்தீன் உறையில் போட்டு வைத்திருக்கிறார்.