வாய்வு மாத்திரையும் நின்றுபோன மாதவிலக்கும்

ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண் ஒருவர், நான்கு மாதமாக மாதவிலக்கு வரவில்லை, மார்பில் பால் கசிகிறது என்று என்னிடம் வந்தார். கடைசிப் பிள்ளைக்கு ஏழு வயது. “ஏட்டி, மாசமா இருக்கியா?” என்று மாமியார் துளைத்தெடுத்ததில், வீட்டிலேயே இரண்டு முறை சிறுநீரைச் சோதித்தும் பார்த்துவிட்டார்களாம். பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் மில்லிக்கு 140 நானோகிராம் என்ற ரத்தப் பரிசோதனைத் தாளும், அதைச் சுரக்கும் பிட்யூட்டரியில் கட்டி உண்டா என்று பார்க்கத் தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்ன சீட்டும் கையில் இருந்தன.

வேறு மாத்திரை ஏதும் உண்டா என்றேன். “ஒண்ணும் இல்லம்மா” என்றார். “வாய்வுக்கு?” என்று மறுபடி கேட்ட பிறகே மஞ்சள் பையிலிருந்து பாதி தீர்ந்த அட்டை வெளியே வந்தது. அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு லெவோசல்பிரைடு சேர்ந்த கேப்சூல்; எப்போதோ எழுதிய சீட்டைக் காட்டி ஆறு மாதமாக வாங்கியிருக்கிறார். பீடித்தட்டை மடியில் வைத்து நாளெல்லாம் குனிந்திருந்து, நேரத்துக்குச் சாப்பிடாமலும் இருப்பவர்களுக்கு நெஞ்சு கரிப்பதில் வியப்பில்லை. அதற்கு விழுங்குவதை அவர்கள் மருந்துக் கணக்கில் சேர்ப்பதும் இல்லை.

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலிருந்து வரும் டோபமின் என்ற வேதிப்பொருள், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை எந்நேரமும் அடக்கி வைத்திருப்பதால்தான், கர்ப்பமும் பாலூட்டலும் இல்லாத பெண்ணுக்குப் புரோலாக்டின் பெரும்பாலும் 25 நானோகிராமுக்குள் நிற்கிறது. லெவோசல்பிரைடு, வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடு, டாம்பெரிடோன், மனநோய்க்குத் தரப்படும் ரிஸ்பெரிடோன் ஆகியவை டோபமினை வேலை செய்யவிடாமல் தடுப்பதால் புரோலாக்டின் ஏறி, கருமுட்டை வெளிவரத் தூண்டும் ஹார்மோன்கள் குறைந்துவிடுகின்றன. டாம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் புகாது என்பது உண்மைதான். ஆனால் ரத்தத்திலிருந்து மருந்துகள் மூளைக்குள் புகாமல் காக்கும் ரத்த-மூளைத் தடுப்புக்குப் பிட்யூட்டரி வெளியே இருப்பதால், அந்தச் சமாதானம் இங்கே செல்லாது. ஆண்களுக்கும் புரோலாக்டின் ஏறினால் தாம்பத்திய ஆசை குறையும். அதை அவர்கள் வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். பெரும்பாலும் உடன் வரும் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியவரும்.

புரோலாக்டினை இறக்கும் கேபர்கோலின், டோபமினைப் போலவே செயல்படும் மருந்து. ஏற்றிய மாத்திரை வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கும்போதே அதை எழுதுவதை நான் ஏற்பதில்லை. ஆனால் ரிஸ்பெரிடோன் சாப்பிடுபவர் இதைப் படித்துவிட்டுத் தானாக நிறுத்திவிடக் கூடாது. அளவைக் குறைப்பதோ, புரோலாக்டினை அவ்வளவாக ஏற்றாத அரிப்பிபிரசோலுக்கு மாற்றுவதோ, அதை எழுதிய மனநல மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

இந்தப் பெண்ணுக்குத் தலைவலியோ பார்வைக் குறைவோ இல்லை. இருந்திருந்தால் உடனே ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பேன். கேப்சூலை மட்டும் நிறுத்தி, மூன்று நாள் கழித்துச் சோதித்ததில் புரோலாக்டின் 38-க்கு இறங்கியிருந்தது. அடுத்த மாதம் மாதவிலக்கு வந்ததைச் சொல்ல வந்தவரின் மஞ்சள் பையில், அந்த எம்.ஆர்.ஐ. சீட்டு மடித்தது மடித்தபடியே இருந்தது.